டயாலிசிஸ் செய்பவர் வீட்டில் இருந்தால்: நாம் எதைச் செய்யலாம், எதை அவரிடமே விடலாம்

அப்பா டயாலிசிஸ், அதாவது கெட்டுப்போன சிறுநீரகத்துக்குப் பதில் மிசினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது, தொடங்கி 6 வருடம் ஆகிறது. பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் அடுக்குமாடி வீடு, திங்கள், புதன், வெள்ளி காலை முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். முதல் வருடம் முழுக்க நான் செய்தது காவல் வேலைதான். தண்ணீர் பாட்டிலை ஒளித்து வைத்தேன், பிரிட்ஜ் கதவு சத்தம் கேட்டால் "என்னப்பா எடுக்கிறீங்க" என்று அறையிலிருந்தே குரல் கொடுத்தேன், விருந்துக்குப் போனால் நாலு பேர் முன்னால் அவர் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் ராத்திரி 2 மணிக்குக் குளியலறையில் குழாய் சன்னமாக ஓடும் சத்தம் கேட்டு எழுந்து போனால், விளக்குக்கூடப் போடாமல் இருட்டில் நின்று உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு "முகம் கழுவினேம்மா" என்றார். 35 வருடம் லோரி ஓட்டி எங்களை வளர்த்த மனுஷன், சொந்த வீட்டில் திருட்டுத் தண்ணீர் குடிக்கும் நிலைக்கு நான்தான் கொண்டு வந்துவிட்டேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த முறை டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனபோது மிஸ்ஸியிடம் (தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னேன். அவர் அப்பாவைத் திட்டவில்லை, ஒரு சின்ன நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "அங்கிள், இனிமே இதை நீங்கதான் எழுதணும், மகள் பார்க்கலாம், எழுதக் கூடாது" என்றார். அதிலிருந்துதான் எங்கள் வீடு மாறியது. அந்த 6 வருடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு அளவுகள் வேறாக இருக்கும், அதை உங்கள் டாக்டரிடமும் மிஸ்ஸியிடமும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நோட்டு அவரிடம்

காலையில் எழுந்து கழிவறை போய் வந்ததும் எடை, அப்புறம் ரத்த அழுத்தம், இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தால் சர்க்கரை அளவு, அன்றைக்குக் குடித்தது எவ்வளவு. இந்த நாலும் போதும். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவராக இருந்தால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஆனால் தராசில் ஏறி எண்ணைப் பார்ப்பது அவராகவே இருக்கட்டும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ட்ரை வெயிட். தேங்கிய நீர் எதுவும் இல்லாமல் உடம்பு இருக்க வேண்டிய எடை அது. அப்பாவுக்கு 61 கிலோ. 1 லிட்டர் நீர் 1 கிலோ என்பதால், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறும் எடை கிட்டத்தட்ட முழுக்க நீர்தான். ட்ரை வெயிட்டில் 4 முதல் 4.5 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, அப்பாவுக்கு அது ஏறக்குறைய 2.5 கிலோ. அதற்கு மேல் போனால் மிசின் 4 மணி நேரத்தில் அவ்வளவையும் இழுக்க வேண்டும், அப்போதுதான் அழுத்தம் சட்டென்று இறங்குவதும் கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுப்பதும்.

ட்ரை வெயிட் கல்லில் பொறித்தது இல்லை. நன்றாகச் சாப்பிட்டு உண்மையாகவே சதை போட்டால் ஏறும், சாப்பிடாமல் இளைத்தால் இறங்கும். பேன்ட் இடுப்பில் தொளதொள என்று ஆகிறது, ஆனால் அதே எடையில்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அழுத்தமும் கூடுதலாக இருக்கிறது என்றால், சதை போன இடத்தில் நீர் நிற்கிறது என்று சந்தேகப்பட்டு உடனே சொல்லுங்கள். பேன்ட் தொளதொளப்பது வீட்டு ஆள் கண்ணில்தான் முதலில் படும்.

தண்ணீர்

வழக்கமான கணக்கு: முந்தின நாள் கழித்த சிறுநீரின் அளவு, அதோடு 500 மில்லி. அப்பாவுக்கு அப்போது 200 மில்லி போய்க்கொண்டிருந்தது, ஆக ஒரு நாளைக்கு 700. இந்த ஊர் வெயிலில் 700 மில்லியில் நாளை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரே ஒரு நாள் நீங்களும் அவரோடு சேர்ந்து இருந்து பாருங்கள். நான் இருந்தேன், மதியம் 3 மணிக்கெல்லாம் கோபம் கோபமாக வந்தது. அதற்கப்புறம் அவரை அதட்ட எனக்கு வாய் வரவில்லை.

எங்களுக்குக் கை கொடுத்தது பாட்டில் முறை. காலையில் அப்பா ஒரு பாட்டிலில் சரியாக 700 மில்லி நிரப்பிக்கொள்வார். அதிலிருந்துதான் குடிப்பார். கோப்பி 100 மில்லி குடித்தால் பாட்டிலிலிருந்து 100 மில்லியைச் செடிக்கு ஊற்றிவிடுவார். கஞ்சி, ரசம், தயிர், ஐஸ்கிரீம், ஐஸ் கட்டி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாமே கணக்குதான். பாட்டிலில் மீதி எவ்வளவு என்று அவருக்கே கண் முன்னால் தெரிவதால் நாம் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. டம்ளரை மாற்றிச் சின்னதாக வைத்தோம். நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்புவார், அல்லது அவர் கணக்கில் எழுதிய ஒரு சின்ன ஐஸ் கட்டியை வாயில் போட்டு மெதுவாகக் கரைப்பார்.

ஆனால் தாகத்தின் வேர் தண்ணீரில் இல்லை, உப்பில் இருக்கிறது. உப்பாகச் சாப்பிட வைத்துவிட்டுக் குடிக்காதே என்று சொல்வது கொடுமை. அதனால் உப்பு மொத்த வீட்டுக்கும் குறைய வேண்டும், அது சமைக்கிறவர் வேலை. ஊறுகாய், கருவாடு, அப்பளம், பெலாச்சான் (இறால் விழுது), கிச்சாப் (சோயா சாஸ்), மேகி பாக்கெட் மசாலா இவற்றை மேசையிலிருந்து எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. எலுமிச்சை, மிளகு, வறுத்த சீரகம், கறிவேப்பிலை, கொஞ்சம் சுக்கா (வினிகர்), இவை நாக்கைச் சமாதானப்படுத்தும். அவருக்கு மட்டும் தனிச் சட்டி வைக்காதீர்கள். எங்கள் அம்மா 3 மாதம் தனியாகச் சமைத்தார், அந்த 3 மாதமும் அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. உப்புக்குப் பதில் என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை வாங்கிவிடாதீர்கள், பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, டயாலிசிஸ் ஆளுக்கு அது சாதாரண உப்பைவிட ஆபத்து. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் தாகம் அடங்காது, அதையும் பாருங்கள்.

வெளியே சாப்பிடவே கூடாது என்று கட்டுப்போட வேண்டாம், பினாங்கில் இருந்துகொண்டு அது நடக்காது. நாசி கண்டாரில் குழம்பு வெள்ளமாக ஊற்றுவதுதான் வழக்கம், "அண்ணே, ஒரே கரண்டி குழம்பு, அதுவும் ஓரமா" என்று அப்பாவே இப்போது சொல்லிவிடுவார். அசாம் லக்சா, கறி மீ இரண்டிலும் சாறு முழுக்க உப்பு, தண்ணீர்க் கணக்கும் அதில்தான் போகும், மீயை மட்டும் எடுத்துக்கொண்டு சாறைக் கிண்ணத்தில் விட்டுவிடலாம்.

தைப்பூசம் தனிப் பரீட்சை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், வெயில் வேறு, யாராவது மோரும் சர்பத்தும் கையில் திணித்துக்கொண்டே இருப்பார்கள், சாமி காரியம் என்று வேண்டாம் சொல்லவும் மனசு வராது. அப்பா இப்போது வீட்டிலிருந்தே ஒரு சின்னக் கோப்பை கொண்டு போகிறார், பந்தலில் "இதுல கால்வாசி ஊத்துங்க" என்று நீட்டுவார். கொடுக்கிறவருக்கும் சந்தோஷம், இவருக்கும் 40 மில்லியோடு போகிறது.

சாப்பாட்டில் நாங்கள் செய்த பெரிய தப்பு

டயாலிசிஸுக்கு முன்னால், சிறுநீரகம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்த காலத்தில், புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் ஒரு விரல் அளவு மீன் துண்டுதான். ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் என்ற புரதம் இறங்கிக்கொண்டே வந்தது, அப்பா நடந்தால் சுவரைப் பிடித்தார். உணவியல் நிபுணர் அம்மாவை உட்கார வைத்துச் சொன்னபோதுதான் புரிந்தது, டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழ். மிசினில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புரதச் சத்தும் போய்விடுகிறது, அதனால் ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். முட்டை வெள்ளைக்கரு, மீன், தோல் நீக்கிய கோழி. புரட்டாசியில் சைவம் இருக்கும் வீடென்றால் மாதம் பிறக்கும் முன்பே உணவியல் நிபுணரிடம் தவ்வு (டோஃபு), தெம்பே (புளிக்க வைத்த சோயா) எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொண்டாலே நான் எழுதியது வீண் போகாது.

பொட்டாசியம்தான் சத்தமில்லாமல் ஆளை விழுத்துவது, இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். வாழைப்பழம், டுரியான், பேரீச்சை, உலர்ந்த பழங்கள், தக்காளி சாறு, உருளைக்கிழங்கு, கீரை, தேங்காய்ப்பால், எல்லாவற்றுக்கும் மேலே இளநீர், இவற்றில் அது அதிகம். நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "உடம்புச் சூட்டைத் தணிக்கும்" என்று இளநீர்தான் வாங்கி வருவார்கள். வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள், அவர்கள் போனதும் நீங்கள் குடித்துவிடுங்கள். காய்கறியைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேக வைத்து அதையும் வடித்துவிட்டால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும், அப்புறம் தாளிக்கலாம். இந்த வேலை இப்போது அப்பாவுடையது. சமையலறை மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய லோரிப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு, உருளைக்கிழங்கைச் சீட்டுக்கட்டு மாதிரி ஒரே அளவாக நறுக்குவார். டயாலிசிஸ் இல்லாத நாளில் அவருக்கென்று ஒரு வேலை இருப்பது நல்லது.

பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், ஒரு துண்டுகூட வேண்டாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதில் இருக்கும் நச்சு மூளையைத் தாக்கும், விடாத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு, உயிரிழப்பு வரைக்கும் போயிருக்கிறது. ஜூஸ் கடையில் கலந்து அடிக்கும் பழச்சாறிலும் இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரும் கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், முன்னால் பின்னால் போட்டால் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. வெளியே போகும்போது சட்டைப் பையில் இரண்டு இருக்கட்டும். ராத்திரி சொறிந்துகொண்டே இருக்கிறார் என்றால் பாஸ்பரஸ் எவ்வளவு என்று கேளுங்கள். கறுப்பு கோலா, பாக்கெட் சீஸ், சாசேஜ், நெத்திலிக் கருவாடு இவற்றில் அது அதிகம்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஒன்று. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீரால்தான் வருகிறார்கள், அதனால் இது பல வீட்டுக்கும் பொருந்தும். சிறுநீரகம் போன பிறகு இன்சுலின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும், பழைய அளவே போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்த்து, நடுங்கி, உளறினால் ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம், அதில் பொட்டாசியம். 3 தேக்கரண்டி சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது குளுக்கோஸ். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

பிஸ்துலா கை

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த பிஸ்துலா அவருடைய உயிர்க்கயிறு. விரலை வைத்தால் பூனை தூக்கத்தில் உறுமுவது மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். காலையில் பல் துலக்கும் முன், ராத்திரி படுக்கும் முன் அப்பா விரல் வைத்துப் பார்ப்பார். அந்த அதிர்வு நின்றுவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அதே மணி நேரத்தில் நிலையத்துக்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சீக்கிரம் போனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்தக் கையில் ரத்தம் எடுக்க, அழுத்தம் பார்க்க, டிரிப் போட யாரையும் விடாதீர்கள், புது ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். சந்தைப் பை, இறுக்கமான வாட்ச், கோயில் கயிறு, அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குவது, எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் வந்தால் துண்டைச் சுற்றிக் கட்டாதீர்கள், அது ரத்தத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது. சுத்தமான பஞ்சுத்துணியை வைத்து இரண்டு விரலால் நேராகத் துளையின் மேல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள், நடுவில் எட்டிப் பார்க்காதீர்கள். நிற்கவில்லை, அல்லது பீறிட்டு வருகிறது என்றால் அழுத்திக்கொண்டே 999ஐக் கூப்பிடுங்கள். கழுத்திலோ மார்பிலோ குழாய் போட்டிருப்பவர்களுக்கு அந்த இடம் நனையவே கூடாது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

போகிற நாள்

காலையில் லேசாகப் பசியாறிவிட்டுப் போகட்டும். அழுத்த மாத்திரையை அன்று காலையில் போடலாமா, திரும்பி வந்து போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போர்வையும் காலுறையும் கொடுத்து அனுப்புங்கள், மிசினில் குளிரும்.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான், "அரை மணி நேரம் முன்னாடியே கழட்டிடுங்க மிஸ்ஸி" என்று கேட்கும் பழக்கத்துக்குத் துணை போகாதீர்கள். மாதத்துக்கு 13 முறை, ஒவ்வொன்றிலும் அரை மணி என்றால் ஆறரை மணி நேரம், அதாவது ஒன்றரை டயாலிசிஸுக்கு மேல் காணாமல் போகிறது. ஏன் கழட்டச் சொல்கிறார் என்று கேளுங்கள், கால் இழுக்கிறதா, முதுகு வலிக்கிறதா, சிறுநீர் முட்டுகிறதா, சலிப்பா. அப்பாவுக்குச் சலிப்புதான். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் வந்து பார்க்க முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சியில் இருந்தான், அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் வீடியோ போன் செய்வதை அவன் கணக்கில் போட்டோம். 4 வருடமாகத் தவறவில்லை.

முடிந்ததும் 10 நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் எழுந்து, அப்புறம் நடக்கட்டும். எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி ஒரு முறை இரண்டு நாள் வேலை செய்யவில்லை, 9ஆவது மாடி. மூன்றாவது மாடி வீட்டுக்காரர் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார், ஒவ்வொரு மாடியாக ஏற ஒரு மணி நேரம் ஆனது. இப்போது நிலையத்திலிருந்து கிளம்பும் முன்பே வீட்டுக்குப் போன் செய்து மின்தூக்கி ஓடுகிறதா என்று கேட்டுவிடுவோம். அன்று சாயங்காலம் பணம், சொத்து, சண்டை எதுவும் பேச வேண்டாம், உடம்பு பிழிந்த துணி மாதிரி இருக்கும்.

வாரத்தில் ஒரு முறை வரும் இரண்டு நாள் இடைவெளிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, நீரும் பொட்டாசியமும் அப்போதுதான் ஏறும். கல்யாணம், விருந்து எல்லாம் சனி ஞாயிறில்தான் வருகிறது என்பதால் அந்த இரண்டு நாளில் மட்டும் கூடுதலாகப் பக்கத்தில் இருங்கள். பண்டிகை வாரத்தில் முறை மாறுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

காசு

வெட்கப்படாமல் கேட்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. வேலை செய்து சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர் என்றால் முதலில் அங்கே, தகுதி இருந்தால் டயாலிசிஸ் செலவை அவர்கள் பார்ப்பார்கள். அரசு ஊழியர், ஓய்வூதியர் குடும்பம் என்றால் ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை). ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் சிறுநீரகச் செயலிழப்புக்கு மருத்துவத்துக்கென்று பணம் எடுக்கலாம். இது எதுவும் இல்லாதவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் சமூகநலப் பிரிவைப் பாருங்கள், 1969இல் தொடங்கிய தேசியச் சிறுநீரக அறவாரியத்தையும் தொண்டு அமைப்புகள் நடத்தும் நிலையங்களையும் அவர்கள் வழியாக அணுகலாம். ரசீதுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள், வருமான வரிக்கு உதவும். புதிதாகத் தொடங்கப் போகிறவர்கள் வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் சிஏபிடி பற்றியும் மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் கட்டாயம் கேளுங்கள், வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிஏபிடி பல நேரம் வசதி.

பார்த்துக்கொள்கிறவர்

அம்மாவுக்கு ஒரு நாள் அழுத்தம் 180க்கு மேல் போய்விட்டது. அப்பாவின் நோட்டில் 5 வருடக் கணக்கு இருந்தது, அம்மா கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தார் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. இப்போது புதன்கிழமை அம்மாவுக்கு விடுமுறை, அப்பாவை நான் அழைத்துப் போகிறேன், அம்மா கோயிலுக்கோ தூங்கவோ போகட்டும். அக்கா மாதம் இவ்வளவு வெள்ளி என்று போய் வரும் கிராப் வாடகைக் கார் செலவை ஏற்றுக்கொண்டாள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்கிறவர்களிடம், எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன வேலை என்று சொல்லிக் கேளுங்கள், அப்போதுதான் நடக்கும். பிள்ளைகளாகிய நாமும் வருடத்துக்கு ஒரு முறை கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்) சர்க்கரை, அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டயாலிசிஸ் செய்பவர் எரிந்து விழும் நாட்கள் வரும். சாப்பிட மாட்டேன், போக மாட்டேன், ஏன் உயிரோடு இருக்கணும் என்பார். அறிவுரை சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அது வாரக்கணக்கில் நீடித்து, தூக்கம் போய், பேச்சு குறைந்தால் அது மனச்சோர்வு, சிகிச்சை உண்டு, டாக்டரிடம் அதையும் மூச்சுத்திணறலைச் சொல்வது போல வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். பிஸ்துலா எந்தக் கை, ட்ரை வெயிட் எவ்வளவு, எந்தெந்த நாள் டயாலிசிஸ், நிலையத்தின் போன் எண், மாத்திரைப் பட்டியல், ஒவ்வாமை. கீழே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: படுத்தால் மூச்சு முட்டுவது, கைகால் திடீரெனச் சோர்ந்து கனப்பது, நெஞ்சு படபடப்பு, அதிர்வு நின்ற கை, நிற்காத ரத்தம், குளிர் காய்ச்சல். எங்கள் வீட்டில் அதை அப்பாவே எழுதினார், லோரியில் சாமான் கணக்கு எழுதின அதே சாய்ந்த எழுத்தில். இன்னொரு நகல் அவர் பர்சில், அடையாள அட்டையான ஐசிக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறார்.